கைக்குழந்தையோடு ஒரு கோட்டைக்கு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஆரணி வட்டாரத்துத் தேவிகாபுரத்தில் பொழுது தறியோசையோடு புலர்கிறது. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகளை நெய்யும் ஊர்களுள் இதுவும் ஒன்று. விஜயநகர காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலின் கோபுரம் ஊருக்கு வெளியிலிருந்தே கண்ணில் படும். அதன் கல்வெட்டுகள் வரலாற்று ஆய்வாளர்கள் அறிந்தவை. இவ்வூரில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான், ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு வேலூர்க் கோட்டையைக் கண்டுவர எண்ணினோம்.

எண்ணத்தை வெளியிட்டதும் நன்னிமா மறுத்தார். “பால் குடிக்கிற பிள்ளைக்குக் கோட்டை எதற்கு? வெயிலில் வாடிப்போகும். அது அங்கே எதைப் பார்க்கப் போகிறது?” என்றார். எங்களிடம் சரியான விடை இல்லை. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது என்பதை மட்டும் எடுத்துரைத்தோம். “அது பெரியவர்களுக்குச் சொன்னது” என்றவர், இறுதியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தாமும் உடன் புறப்பட்டார்.

ஃபஜ்ர் தொழுகை முடித்ததும் கிளம்பினோம். ஆரணியும் கண்ணமங்கலமும் கடந்து செல்லும் இந்தச் சாலை அமைதியானது. ஆயினும் இவ்வழியில் வரலாறு அமைதியாக நடந்ததில்லை. 1751 டிசம்பரில் ஆரணிக்கருகே ராபர்ட் கிளைவின் படை, சந்தா சாஹிபின் மகன் ராஜா சாஹிபின் படையை முறியடித்தது. 1782 ஜூனில் இதே ஆரணியில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதின. இன்று அந்தப் பெயர்களை நினைவூட்ட எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வயல்களும் பட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைகளுமே வழியெங்கும் தெரிந்தன.

வேலூரின் கிழக்கே ஆற்காடு இருக்கிறது. கர்நாடக நவாபுகளின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. அங்கே அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவ்லியா என்னும் இறைநேசரின் பெயரையே ஹைதர் அலியும் ஃபக்ருன்னிஸாவும் தங்கள் மகனுக்கு இட்டனர் என்று வரலாறு கூறுகிறது. திப்பு சுல்தான் என்று உலகம் அறிந்த பெயர், ஒரு தாயும் தந்தையும் பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தேர்ந்த பெயர். மன்னர்களின் வரலாறும் ஒரு தொட்டிலிலிருந்தே தொடங்குகிறது.

வேலூர்க் கோட்டையை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் எழுப்பினர். கருங்கல் மதில், அதனைச் சூழ்ந்த அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் ஒரு கிறிஸ்தவ தேவாலயமும். பீஜப்பூர் சுல்தான்களும் மராத்தியரும் நவாபுகளும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இதனைக் கைக்கொண்டனர். இவை நூல்களில் படித்தவை. ஆனால் தோளில் குழந்தையைச் சுமந்துகொண்டு வாயிலைக் கடக்கும்போது மதிலின் உயரத்தைவிட நிழல் எங்கே விழுகிறது என்பதையே கண் முதலில் தேடுகிறது. தண்ணீர் எங்கே, உட்கார இடம் எங்கே, தாய் மறைவாகப் பாலூட்ட இடம் எங்கே என்று மனம் கேட்கிறது.

அந்தக் கேள்விகளோடு பார்க்கையில் அக்கோட்டை வேறொன்றாகத் தெரிந்தது. அது போர்க்கோட்டை மட்டுமன்று. பெண்களும் குழந்தைகளும் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த வீடு.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் பிள்ளைகளுள் அப்துல் காலிக், முயிஸுத்தீன் ஆகிய இருவரைக் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்தார். இருவரும் சிறுவர்கள். 1794இல்தான் அவர்கள் தந்தையிடம் திரும்பினர். 1799 மே 4ஆம் நாள் திப்பு போர்க்களத்தில் உயிர்நீத்த பின், அவருடைய மக்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். அரண்மனைப் பெண்களும் பின்னர் அங்கே சேர்க்கப்பட்டனர். ஹைதர் மஹால், திப்பு மஹால் என்று இன்று அழைக்கப்படும் கட்டடங்கள் அந்த நாள்களை நினைவூட்டுகின்றன. மன்னர் குடும்பத்திற்குரிய உதவித்தொகை வந்தது; பணியாளர் இருந்தனர். வெளியே செல்லும் உரிமை மட்டும் இல்லை.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் புதிய விதிகளைப் பிறப்பித்தார். முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும். இந்துச் சிப்பாய்கள் நெற்றிக்குறியையும் காதணியையும் நீக்க வேண்டும். தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையை அனைவரும் அணிய வேண்டும். மறுத்தவர்களுள் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் 90 கசையடி வீதம் தண்டனை விதிக்கப்பட்டது. இருவேறு சமயத்தாரை ஒரே கசை ஒன்றுபடுத்தியது.

1806 ஜூலை 9இல் கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். அடுத்த நாள் பொழுது விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். மைசூரின் கொடி கோட்டைமேல் ஏறியது. ஆங்கிலேய அதிகாரிகள் 14 பேரும் 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோரும் கொல்லப்பட்டனர். ஆற்காட்டிலிருந்து ரோலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். அதன்பின் நடந்தது பழிவாங்கல். சரணடைந்தோரும் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். 1857க்கு அரை நூற்றாண்டு முன்னரே எழுந்த இந்தக் கிளர்ச்சியை நம் பிள்ளைகள் பாடநூலில் ஒரு பத்தியாகவே படிக்கின்றனர்.

அந்தப் பத்தியில் இடம்பெறாத இரு தாய்மாரை அன்று நினைத்தோம். ஒருவர், முதல்நாள் மணக்கோலத்தில் மகளைக் கண்டு மறுநாள் பீரங்கியொலி கேட்ட அந்த அரண்மனைத் தாய். அவருடைய மனநிலையை எந்த ஏடும் பதிந்து வைத்ததாக நாம் அறியோம். மற்றவர், கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட்டின் மனைவி அமீலியா. கணவர் சுடப்பட்டு வீழ, தம் இரு சிறு குழந்தைகளோடு கோழிகளை அடைக்கும் கொட்டகையில் ஒளிந்து உயிர்பிழைத்தார். அந்த நாளைப் பின்னர் எழுதியும் வைத்தார். ஒருவர் நம்மவர், மற்றவர் நம்மை ஆண்டவர் என்று பிரித்துப் பேசுவது எளிது. ஆனால் குழந்தையின் அழுகை வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று அதன் வாயைப் பொத்தும் தாயின் நடுக்கம் எந்தப் பக்கத்திற்கு உரியது? அநீதியான ஆணையை எதிர்த்தவர்களின் பக்கம் நியாயம் இருந்தது. ஆயினும் அந்த நியாயத்தைச் சொல்லும்போது கொட்டகையில் ஒளிந்த குழந்தைகளை மறந்துவிட மார்க்கம் நமக்கு அனுமதி தரவில்லை. போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாதென்று தடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

இவ்வாறு பேசிக்கொண்டிருந்த வேளையில்தான் எங்கள் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. பதினோரு மணி வெயில். பால் கொடுத்தும், தோளில் போட்டுத் தட்டியும் அழுகை நிற்கவில்லை. உடல் சுட்டது. அருங்காட்சியகம் இன்னும் பார்க்கவில்லை; இவ்வளவு தொலைவு வந்து பார்க்காமல் போவதா என்று எங்களுள் ஒருவர் தயங்கியது உண்மை. நன்னிமா ஒரு சொல்லும் சொல்லாமல் மர நிழலில் தம் துப்பட்டியை விரித்து, குழந்தையின் சட்டையைக் களைந்து, ஈரத்துணியால் உடலை ஒற்றி எடுத்தார். அப்பால் கீரைக் கட்டுகளோடு அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் தம் பனையோலை விசிறியைக் கொண்டுவந்து நீட்டினார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. “வீசுங்கம்மா, பிள்ளை தூங்கிடும்” என்று மட்டும் சொன்னார். அரை மணி நேரத்தில் சூடு தணிந்து குழந்தை உறங்கியது. அல்ஹம்துலில்லாஹ். அருங்காட்சியகத்தைப் பார்க்காமலேயே திரும்பினோம்.

தொழுகையை நீட்டி நடத்த எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், ஒரு குழந்தையின் அழுகை கேட்டதும் அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுததையும் காண்கிறோம். தொழுகையே குழந்தைக்காகச் சுருங்குமெனில் சுற்றுலா சுருங்குவதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? குழந்தையை அழைத்துச் செல்லாதிருப்பதும் இதற்குத் தீர்வன்று. உமாமா பள்ளிவாசலுக்கு வந்தார். அழுத அந்தக் குழந்தையும் தாயோடு பள்ளிக்குள்தான் இருந்தது.

கைக்குழந்தையோடு செய்த பயணத்தால் ஒரு நகரமே உருவானதை நாம் மறந்துவிடலாகாது. பாலுண்ணும் இஸ்மாயீலோடு (அலை) ஹாஜரா அம்மையார் நின்ற இடத்தில் அன்று மதில் இல்லை, தண்ணீரும் இல்லை. குழந்தையின் தாகத்திற்காக ஸஃபாவுக்கும் மர்வாவுக்குமிடையே அவர் ஓடிய ஓட்டத்தை இன்றுவரை கோடிக்கணக்கானோர் ஓடுகின்றனர். ஸம்ஸம் பெருகியது, ஜுர்ஹும் குலத்தார் வந்து குடியேறினர், மக்கா ஊராயிற்று.

இவ்வாறு செல்ல விரும்பும் குடும்பத்தார்க்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். விடியலிலேயே புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். தூளியாகவும் விரிப்பாகவும் பாலூட்டும்போது திரையாகவும் அது உதவும். தாயின் வசதியை முதலில் கேட்டுப் பிறகு திட்டமிடுங்கள். தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. கோட்டைகளிலும் அருங்காட்சியகங்களிலும் நம் பள்ளிவாசல்களிலும் அத்தகைய இடங்கள் பெருக வேண்டும். பள்ளிவாசலைப் பொறுத்தவரை அது நம் கையிலேயே இருக்கிறது.

லுஹருக்கு நகரத்துப் பள்ளியில் தொழுதுவிட்டு ஊர் திரும்பினோம். திப்புவின் குடும்பத்தார் பலர் அந்நகரிலேயே அடங்கியிருப்பதை வழியில் சொன்னபோது நன்னிமா அவர்களுக்காகக் கையேந்தினார். தேவிகாபுரத்தில் மாலைத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வோசை கேட்டுக் குழந்தை தலையைத் திருப்பிப் பார்த்தது. “இது எதைப் பார்த்தது என்று கேட்டீர்களே நன்னிமா?” என்றோம். “அது ஒன்றும் பார்க்கவில்லை. அதனால்தான் நாம் கொஞ்சம் பார்த்தோம்” என்று கூறி, உறங்க வைக்க வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் இறைவா, எங்கள் சந்ததியரை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. மதில்களுக்குள் அடைபட்டு வாழும் தாய்மாரையும் குழந்தைகளையும், அவர்கள் எந்நாட்டினராயினும், நீயே பாதுகாப்பாயாக. ஆமீன்.