ஜவ்வாது மலையில் ஸ்கேனர் ரேடியோ: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பகுதியில் உள்ள நமக்கு ஜவ்வாது மலை பக்கத்து வீடு மாதிரி. எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ள பிள்ளைகள் ஸ்கேனர் ரேடியோவையோ, கணினியில் செருகும் பென் டிரைவ் அளவு எஸ்.டி.ஆர். கருவியையோ அங்கே கொண்டுபோக ஆசைப்படுவார்கள். மலைக்கு ஏன்?

வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலையோ கட்டடமோ இருந்தால் தடைபடும். சமவெளியைவிட 400 மீட்டர் உயரமான, மறைப்பில்லாத இடத்தில் நின்றால் சுமார் 80 கி.மீ. வரை அலைகளுக்கு வழி திறந்திருக்கும். நகரத்து மின்சாதனங்களின் இரைச்சலும் அங்கே குறைவு.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தையும் இதற்கான இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஒளியைப் பார்க்கும் ஆய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. ரேடியோ அலைகளுக்கான பெரிய தொலைநோக்கி, 530 மீட்டர் நீளத்தில், ஊட்டியில் இருக்கிறது.

வானிலிருந்து வருபவற்றில் முதலில் சொல்ல வேண்டியது சர்வதேச விண்வெளி நிலையம். அதிலுள்ள அமெச்சூர் ரேடியோ நிலையத்தை 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். சுமார் 400 கி.மீ. உயரத்தில் கடந்து செல்வதால் ஒருமுறைக்கு அதிகபட்சம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். நம் இஸ்ரோவும் 2005 மே 5 அன்று அமெச்சூர்களுக்காகவே ஹாம்சாட் செயற்கைக்கோளை ஏவியது. அது 2014 வரை உழைத்தது.

400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும் விசித்திரமான கரகர ஒலி உளவுக் கருவி அல்ல. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலை ஆய்வுத் துறை பறக்கவிடும் பலூனில் தொங்கும் ரேடியோசோண்ட் பெட்டி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கீழே அனுப்பிக்கொண்டே போகும். சுமார் 30 கி.மீ. உயரத்தில் பலூன் வெடிக்க, பெட்டி பாராசூட்டில் இறங்கும். இப்படிப்பட்ட பெட்டி வயலில் விழுந்து, 'மர்மப் பொருள்' என்று ஊரே திரண்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். கண்டால் வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். சாதாரண வானொலிப் பெட்டி போல ஸ்கேனரை நினைக்கக் கூடாது. ஒலி அனுப்பாமல் வெறுமனே கேட்கும் கருவியாக இருந்தாலும், உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். பிறர் தகவலைச் சட்டவிரோதமாக இடைமறித்தால், 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு சிறை வரை போகலாம். காவல்துறை அலைவரிசையை 'சும்மா' கேட்டேன் என்று பிள்ளை சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். அடுத்தவர் பேச்சைத் துருவிக் கேட்பதை மார்க்கமும் தடுத்திருக்கிறது. இணையக் கடையில் விற்கிறார்களே என்பதும் பதிலாகாது. உரிய விவரமின்றி வாக்கி டாக்கி விற்ற தளங்களுக்கு 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

முறையான வழி கடினமானதல்ல. 12 வயது நிறைந்தவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் ரேடியோ தேர்வை எழுதலாம். ரேடியோ அறிவியலும் விதிமுறைகளும்தான் பாடம். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் வெளியுலகுக்குச் செய்தி அனுப்ப முடிந்தது இத்தகைய உரிமம் கையில் இருந்ததால்தான்.

தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ரேடியோவை வீட்டிலிருந்தே இயக்கிக் கேட்கலாம். அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.