வாக்கில்லாத உழைப்பாளிக்கு யார் பதில் சொல்வது?

மலாயாத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவருக்கு அன்றைய கூலி கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் ஊர் சுற்றப் போயிருந்தாலும் செக்ரோலில் விழுந்தது ஒரே குறிதான். கூலி, மருத்துவம், சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. கூலி குறைவாக இருப்பவர் காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். போனால் நோய் முற்றும். நோய் முற்றும்போது அருகில் மருத்துவமனை இல்லையென்றால் குடும்பமே தெருவுக்கு வரும். இந்த நிலைக்கு ஆட்சியில் இருந்தவர்கள் எப்போது பதில் சொன்னார்கள், எப்போது சொல்லாமல் தப்பினார்கள் என்பதே தோட்டப் பாட்டாளிகளின் நூறாண்டு வரலாறு.

சட்டம் இருந்தது, கேட்க ஆளில்லை

சட்டமே இல்லாத காலம் என்று காலனி ஆட்சியை ஒதுக்கிவிட முடியாது. 1907-ஆம் ஆண்டில் இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மருத்துவமனை வசதி தரவேண்டும் என்றது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கூலியை நிர்ணயிக்கவும் வழி செய்தது. ஆனால் குடியேற்றக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் அரசாங்க அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும்தான். கூலி வாங்குகிறவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

விளைவு என்ன? 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த நாள் கூலி, உலகப் பொருளாதார மந்தத்தில் ஆணுக்கு 28 காசு, பெண்ணுக்கு 24 காசு என்று சரிந்தது. கேட்க யாருமில்லை.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். கூலி மீண்டும் பழைய அளவுக்கு உயர்ந்தது. 1938-இல் ரப்பர் விலை இறங்கியதும் கூலி மறுபடியும் ஆணுக்கு 45, பெண்ணுக்கு 36 காசாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. இந்தியாவில் கேள்வி கேட்கப் பொதுமக்கள் கருத்து ஒன்று வளர்ந்திருந்தது. அங்கே ஆட்சியாளர் அதற்குச் செவி சாய்த்தாக வேண்டும். மலாயாவில் அப்படி ஒரு கட்டாயம் ஆட்சிக்கு இல்லை.

கிள்ளான் எழுப்பிய கேள்வி

அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியவர்கள் தொழிலாளர்களே. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி முதல் கோரிக்கை. அத்தோடு முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையும் பட்டியலில் இருந்தன. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் அவர்கள் கேட்டார்கள். கூலியும் மருந்தும் கேட்டவர்கள் மானத்தையும் சேர்த்தே கேட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆட்சி சொன்ன பதில் கைதும் துப்பாக்கியும். தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தப் படுகொலைக்குத் தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய அரசியல்வாதி எவரும் மலாயாவில் இல்லை. ஏனென்றால் தேர்தலே இல்லை.

வாக்கு வந்த பிறகு

1955-ஆம் ஆண்டு முதல் பொதுத் தேர்தல் வந்தது. வாக்காளர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அன்று குடியுரிமை இல்லாதவர்கள். இருந்தும் அந்த அமைச்சரவையில் துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். 1957-இல் சுகாதார அமைச்சரானார். சமுதாயத்தின் தலைவர் ஒருவரே இரண்டு பொறுப்புகளையும் அடுத்தடுத்து ஏற்றார்.

1954-இல் ஐந்து சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது, பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 1971-இல் தொடங்கியது. வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் முதலாளியின் கருணையை எதிர்பார்த்து நிற்கும் நிலையை அது மாற்றியது. இவை சிறிய சாதனைகள் அல்ல.

ஆனால் இரண்டு ஓட்டைகள் அடைபடவில்லை. ஒன்று, கூலி. 1947-ஆம் ஆண்டுச் சம்பள மன்றச் சட்டம் கடைச் சிப்பந்திகள், ஹோட்டல் ஊழியர்கள், திரையரங்குப் பணியாளர்கள் ஆகியோருக்குப் பயன்பட்டது. தோட்டத் தொழிலாளர்களை எட்டவில்லை. அவர்களின் கூலி முதலாளிகள் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான பேரம் என்று அரசாங்கம் ஒதுங்கி நின்றது. இரண்டு, மருத்துவம். தோட்டம் தனியார் நிலம் என்பதால், சுதந்திரத்திற்குப் பிறகு கம்பங்களுக்குச் சென்ற கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்ட வாசலோடு நின்றன. நிர்வாகம் வைத்ததே கிளினிக், டிரஸ்ஸர் கொடுத்ததே மருந்து.

அமைச்சர் முதலாளியைக் காட்டினார். முதலாளி ரப்பர் விலையைக் காட்டினார். சங்கம் கூட்டு ஒப்பந்தத்தைக் காட்டியது. ஒவ்வொருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பொறுப்பு மட்டும் எவர் கையிலும் இல்லை.

325 வெள்ளி

இந்தப் பந்து விளையாட்டின் விலை என்ன? 2003-ஆம் ஆண்டில், நெடுங்காலப் போராட்டத்திற்குப் பிறகு, தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது 325 வெள்ளி. அதற்கு முந்திய ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்திற்கு அரசாங்கமே வகுத்திருந்த வறுமைக்கோடு 529 வெள்ளி. அந்தக் குறைந்தபட்சத்தை மட்டுமே பெற்ற ஒருவர், ஒரு நாளும் தவறாமல் உழைத்தாலும், தம் வருமானத்தால் மட்டும் குடும்பத்தை வறுமைக்கோட்டுக்கு மேலே தூக்க முடியாது.

2011-இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியும் சபா, சரவாக்கில் 800 வெள்ளியும் குறைந்தபட்சச் சம்பளமாயின. 2022 மே மாதம் அது 1,500 ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. தொழிலாளர் கேட்டுக் கேட்டு ஓய்ந்ததை, அரசியல் துணிவு வந்ததும் ஓர் அரசாங்க ஆணை செய்து முடித்தது. அப்படியானால் அந்த ஆணை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏன் வரவில்லை என்று கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் மறு ஆய்வு வேண்டும் என்பது அதே சட்டத்தின் விதி. 2022-க்கும் 2025-க்கும் இடையே ஓடியது இரண்டே முக்கால் ஆண்டு. இதையும் வாக்காளர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

நோய் விடுப்பிலும் சட்டம் தெளிவு. ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். ஐந்தாண்டுக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்கினால் 60 நாள். முன்பு இந்த 60 நாளுக்குள்ளேயே சாதாரண நோய் விடுப்பும் அடங்கியது. 2023 ஜனவரி முதல் இரண்டும் தனித்தனி. நாள் கூலிக்காரருக்கும் இந்த உரிமை உண்டு.

அதே இடத்தில் வேறு மனிதர்கள்

இன்று தோட்ட வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசிகள் முதலியோர். குறைந்தபட்சச் சம்பளமும் நோய் விடுப்பும் அவர்களுக்கும் பொருந்தும். 2019 முதல் வேலை விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பும் உண்டு. ஆனால் அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கான கட்டணம் 2014-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு உயர்ந்துவிட்டது. வீட்டுப் பணிப்பெண்களையோ குறைந்தபட்சச் சம்பள ஆணை சேர்த்துக்கொள்ளவே இல்லை.

இவர்களுக்கு வாக்கு இல்லை. 1930-களில் 28 காசுக்குப் பால் வெட்டியவருக்கும் வாக்கு இல்லை. வாக்கில்லாதவருக்காகக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் வாக்குள்ளவர்கள்தாம். தொகுதிக்கு வரும் வேட்பாளரிடம் மூன்று கேள்விகள் போதும்: தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் இலாகா ஆண்டுக்கு எத்தனை சோதனை நடத்துகிறது? நோய் விடுப்பை மறுத்த முதலாளிகளில் எத்தனை பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது? சம்பள ஆணையின் அடுத்த மறு ஆய்வு எந்த நாளில்?

பெரட்டில் குரல் கொடுக்க முடியாமல் படுத்துக் கிடந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று வாக்குச் சீட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து வரிசையில் படுத்துக் கிடப்பவருக்கும் சேர்த்து அதைப் பயன்படுத்துவதே அவர்கள் தங்கள் பாட்டன்மாருக்குச் செய்யும் மரியாதை.