மெட்ராஸ் சுண்ணாம்பு, கோவைச் செக்கு, புழல் சிறை: கைத்தொழில் கற்ற கைதிகளைப் பற்றி ஒரு குறிப்பு

சிங்கப்பூர் போனவர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். சிட்டி ஹால் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வெள்ளை வெளேர்னு நிற்கும். 1856 மார்ச்சில் அடிக்கல், 1861 அக்டோபரில் முதல் வழிபாடு. வடிவமைத்தவர் ரொனால்ட் மெக்ஃபெர்சன் என்ற ராணுவப் பொறியாளர். கட்டியவர்கள் கைதிகள். அதுவும் மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்ட நம்ம ஊர்க் கைதிகள்.

இது சிங்கப்பூர் வரலாறு படிக்கிறவர்களுக்குத் தெரிந்த செய்திதான். எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. கொலை, கொள்ளை வழக்கில் தண்டனை பெற்று வந்த ஒருவர், கோபுரம் வைத்த ஒரு கட்டடத்தைக் கட்டும் அளவுக்கு எங்கே, எப்படித் தொழில் கற்றார்? அதைத் தேடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்ப நம்ம திருவள்ளூர் மாவட்டப் பக்கமே வந்து நிற்க வேண்டியிருந்தது.

முதலில் சுவரைப் பார்ப்போம். அந்தத் தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சுக்கு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே பெயர். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம். இவற்றை அரைத்துப் பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கரைத்துப் பூசுவார்கள். காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழவேற்காடு ஏரியிலிருந்து கால்வாய் வழியாகப் படகில் வந்த கிளிஞ்சலைச் சுட்டுச் சென்னைக்குச் சுண்ணாம்பு எடுத்த காலம் ஒன்று உண்டு. பழவேற்காடு இன்றைக்கு இருப்பது கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில். கடல் தாண்டிப் போனது அந்தப் பெயரும் பக்குவமும்.

அந்தப் பக்குவத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. எவ்வளவு அரைத்தால் போதும், எப்போது தேய்க்க ஆரம்பிக்கணும் என்பதெல்லாம் பக்கத்தில் நின்று கைபழகித்தான் வரும். அப்படியானால் சிறைக்குள் ஒரு பட்டறை நடந்திருக்க வேண்டும். நடந்தது.

1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து (இன்றைய இந்தோனேசியாவின் பெங்குலு) சிங்கப்பூருக்கு முதல் தொகுதிக் கைதிகள் வந்தார்கள். மெட்ராஸ் மாகாணத்துக் கைதிகள் 80 பேர். சில நாட்களில் வங்காளக் கைதிகள் 122 பேர். (மெட்ராஸ் மாகாணம் என்றால் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுபவர்களும் அதில் உண்டு. எல்லோரையும் தமிழர் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.) ஆரம்பத்தில் இவர்களுக்குக் காடு வெட்டுவது, சதுப்பு நிலம் தூர்ப்பது, ரோடு போடுவதுதான் வேலை. போகப்போகச் செங்கல் சூளை, கல் உடைப்பு, தச்சு, கொல்லு, கொத்து வேலை என்று பிரிந்தது. வேலை தெரிந்த கைதி தெரியாத கைதிக்குக் கற்றுக்கொடுத்தார். நெசவு, தையல், அச்சுக்கோப்பு வரைக்கும் போயிருக்கிறது.

இந்தக் கைதிகளுக்கு மேலாளராக இருந்த மெக்நாயர், ‘கைதிகளே தம் காவலர்கள்’ என்ற பொருள் வரும் தலைப்பில் 1899இல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு சும்மா வைத்ததல்ல. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவர் காலில் விலங்கோடு கீழ் வகுப்பில் தொடங்குவார். நடத்தை சரியாக இருந்தால் விலங்கு கழன்று மேலே போவார். மேலே போனவர்களிலிருந்தே மேஸ்திரிகளையும் காவலர்களையும் எடுத்தார்கள். அந்த மேஸ்திரிக்கு அங்கே பெயர் ‘தண்டல்’. நம்ம படகுக்காரர்களின் தலைவனைச் சொல்லும் அதே சொல். முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் விடுப்புச் சீட்டு. அதாவது தண்டனைக் காலம் முடியாமலே சிறைக்கு வெளியே தங்கலாம், தானே சம்பாதித்துச் சாப்பிடலாம். அவ்வப்போது வந்து ஆஜர் கொடுத்தால் போதும்.

1873இல் அந்தச் சிறை கலைக்கப்பட்டது. மீதித் தண்டனை இருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். சீட்டு வாங்கியவர்களில் பலர் அங்கேயே தங்கி மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள், கட்டட வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரன் தர்மவான் என்று முடிவு கட்டினால் தப்பு. அன்றைய சிங்கப்பூரில் கைவினைஞர்கள் குறைவு, கூலி அதிகம். கைதிக்குக் கூலியே கிடையாது. தொழில் கற்றுக்கொடுத்தால் அரசுக்கு லாபம், அதனால் கற்றுக்கொடுத்தார்கள். சதுப்பிலும் காட்டிலும் நோயில் செத்தவர்களின் கணக்கும் இதே கட்டடங்களுக்கு அடியில்தான் கிடக்கிறது.

அதே அரசு, அதே காலத்தில், இந்தியாவுக்குள் என்ன செய்தது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். மெக்காலே முன்கை எடுத்து 1836இல் அமைந்த சிறைக் குழு, 1838இல் அறிக்கை கொடுத்தது. கைதிகளை வெளியே ரோடு வேலைக்கு அனுப்புவதை நிறுத்து, உள்ளே வைத்து அலுப்பூட்டும், ஒரே மாதிரியான, ருசியே இல்லாத வேலையைக் கொடு என்பது அதன் பரிந்துரை. இங்கே கைவினைஞர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் கைதிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசரமும் இல்லை. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே நின்ற மத்திய சிறை கட்டப்பட்டது 1837இல், சரியாக அந்தக் குழு வேலை செய்துகொண்டிருந்த சமயத்தில்.

ருசியில்லாத வேலை என்றால் என்ன? தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு. அந்தச் செக்கு இன்றைக்கும் சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. ஆனால் வ.உ.சி. கதையில் செக்கோடு நாம் நிறுத்திவிடுகிறோம். எனக்கு அதைவிட வலிக்கும் பகுதி 1912 டிசம்பரில் அவர் விடுதலையான பிறகு வருகிறது. வக்கீல் தொழில் அவருக்குத் தெரியும். சிறை அதை அவர் மூளையிலிருந்து அழிக்கவில்லை. ஆனால் வழக்காடும் உரிமம் பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டியவர் சென்னையில் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். கடன் பட்டார். பல வருஷம் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் பெயர் தெரியாத ஒரு கொத்தனாருக்குத் தொழிலும் கிடைத்தது, தொழில் செய்யச் சீட்டும் கிடைத்தது. இங்கே ஊரறிந்த ஒரு வக்கீலுக்குத் தொழில் இருந்தது, சீட்டு இல்லை. எங்க துறைப் பாஷையில் சொன்னால், ஆறு மாசம் ட்ரெய்னிங் கொடுத்துவிட்டு லாகின் கொடுக்காமல் உட்கார வைப்பது மாதிரி. கற்றதெல்லாம் வீண்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பழைய மத்திய சிறை 2006இல் புழலுக்கு மாறியது. அன்று அது திருவள்ளூர் மாவட்டம். 2018இல் எல்லையை மாற்றியபோது சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. மெக்காலே காலம் மலையேறிவிட்டது. 1919–20இல் மெட்ராஸ் அதிகாரி கார்டியூ தலைமையில் அமைந்த குழு, சிறையின் நோக்கமே கைதியைத் திருத்துவது என்று எழுதிவிட்டது. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்கணும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்னது. தமிழ்நாட்டுச் சிறைகளில் இன்று பேக்கரி, தையல், காலணி என்று தொழிற்கூடங்கள் இருக்கின்றன. ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் பொருட்கள் விற்பனைக்கு வருகின்றன. சிறைத்துறை பெட்ரோல் பங்கில் கைதிகளே பெட்ரோல் போடுகிறார்கள். திருச்சி மத்திய சிறைக்குள் ஐடிஐ நடக்கிறது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் மாதிரி தொழில்களுக்கு உள்ளே படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். கற்றுக்கொடுக்கும் பாதியை நாம் ஓரளவு செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

மறுபாதி?

புழலிலிருந்து ஜிஎன்டி ரோட்டில் செங்குன்றம், காரனோடை, தச்சூர் தாண்டி ஒரு மணி நேரம் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். கட்டடத்துக்குப் போகும் முறுக்குக் கம்பியை உருட்டும் ஆலைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்து செய்கிறார்கள். அன்றைய சிங்கப்பூரில் இருந்த அதே நிலைமை, ஆள் தேவை. ஆனால் கேட்டில் ஆதார் கேட்பார்கள், சில இடங்களில் போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். அந்த ஒரு தாளில் ஐடிஐ சான்றிதழ் அடிபட்டுப் போகும். கொத்தனார் வேலைக்கோ கம்பி கட்டும் வேலைக்கோ சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. மேஸ்திரிக்கு முகம் தெரிந்தால் போதும். சிறையிலிருந்து வருகிறவருக்கு இல்லாதது அந்த முகம் தெரிந்த மேஸ்திரிதான்.

எல்லாக் குற்றத்தையும் மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் இடம், பணம் புழங்கும் இடம் என்றால் சரிபார்ப்பு தேவைதான். ஆனால் ரோலிங் மில்லில் வெல்டிங் செய்ய, பத்து வருஷத்துக்கு முந்தைய அடிதடி வழக்கு எதற்குக் குறுக்கே வரணும்?

லாபத்துக்காகக் கற்றுக்கொடுத்த ஒரு காலனி அரசே, கற்றவன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வெளியே அனுப்பியது. திருத்துவதற்காகக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லும் நாம், அந்தச் சீட்டுக்குச் சமமாக எதையும் இன்னும் யோசிக்கவில்லை. பயிற்சி முடித்தவரைப் பொறுப்பேற்று வேலைக்குச் சேர்த்துவிடும் ஒரு ஏற்பாடு, சேர்க்கும் நிறுவனத்துக்கு ஒரு சின்னச் சலுகை, சிறையின் பெயர் இல்லாத ஒரு சான்றிதழ். பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெல்டிங் கற்றுக்கொடுப்பதைவிடச் சுலபமான வேலை இது.