தீயணைப்பு வண்டி திரும்பிய திசை

நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முடிந்துபோன ஒரு சீசனுக்கு நான் ரசிகன். வருடம் 1954-55. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், இண்டியானாபொலிஸ் நகரம், கிரிஸ்பஸ் அட்டக்ஸ் ஹைஸ்கூலின் பாஸ்கெட்பால் டீம். ஆடியவர்கள் எல்லோரும் பள்ளிப் பையன்கள். எந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். இருந்தும் அந்த ஸ்கோர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வரும்போது, ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம் என்று ஓர் இடம் வந்தால் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கும் பதற்றப்படுகிறவன்தானே ரசிகன்!

ஒரு பள்ளிக்கூட டீமுக்கு இவ்வளவு எதுக்கு என்று கேட்கலாம். இண்டியானாவில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகளைச் சுவரில் மாட்டி உருவாக்கிய விளையாட்டு இது. பிறந்த வீடு அதுவென்றால், புகுந்த வீடு இண்டியானா. நீளமான குளிர்காலம், அறுவடை முடிந்த வயல்கள், ஊருக்கு ஒரு பள்ளி. ஐந்தே பேர் இருந்தால் டீம் ரெடி. 1911-ல் மாநிலப் பள்ளிகளுக்கான போட்டி தொடங்கியது. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவே கிடையாது. எழுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே கோப்பை. நான்கு கட்டங்கள், ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போகலாம். 1997 வரை இப்படித்தான் நடந்தது. ஊர் ஜனத்தொகையைவிட அதிக இருக்கைகளோடு பள்ளி ஜிம் கட்டிய ஊர்கள் அங்கே உண்டு.

இந்தப் போட்டியின் மிகப் பிரபலமான கதை மைலன் என்ற சிற்றூருடையது. பள்ளியில் மொத்தமே 161 பேர். 1954 மார்ச் 20 அன்று ஃபைனலில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று அவர்கள் வீழ்த்தினார்கள். பாபி பிளம்ப் என்ற பையன் கடைசிக் கால்பகுதி ஆட்டத்தில் நான்கு நிமிடங்களுக்கும் மேலாகப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு கடைசி நொடிகளில் கூடைக்குள் போட்டான். 1986-ல் வந்த 'ஹூசியர்ஸ்' படத்துக்கு இந்த வெற்றிதான் தூண்டுதல். குட்டி ஊர் பெரிய ஊரை ஜெயிக்கும் கதை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அந்த ஃபைனலுக்கு முந்தைய கட்டத்தில் மைலன் யாரை வீட்டுக்கு அனுப்பியது என்று பார்த்தீர்கள் என்றால், அங்கே இன்னொரு கதை தொடங்குகிறது. ஸ்கோர் 65-52. தோற்றது அட்டக்ஸ். அந்த டீமில் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற பதினைந்து வயதுப் பையன் இருந்தான்.

அட்டக்ஸ் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1920-களில் இண்டியானா, கு க்ளக்ஸ் க்ளானின் கோட்டை. 1924-ல் ஆளுநராகத் தேர்வான எட்வர்ட் ஜாக்ஸன் க்ளானின் ஆதரவோடு வந்தவர். அதுவரை இண்டியானாபொலிஸின் ஹைஸ்கூல்களில் கறுப்பின மாணவர்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒட்டுமொத்தமாக வெளியே எடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பதற்காகக் கட்டப்பட்ட பள்ளி இது. 1927-ல் திறந்தார்கள். முதலில் யோசித்த பேர் தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூல். அடிமைகளை வைத்திருந்தவரின் பேரை இந்தப் பள்ளிக்கா வைப்பது என்று கறுப்பின மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 1770 பாஸ்டன் படுகொலையில் உயிரிழந்த கறுப்பினத்தவரான கிரிஸ்பஸ் அட்டக்ஸின் பேர் நிலைத்தது.

ஒதுக்குவதற்காகக் கட்டிய பள்ளியில் விசித்திரமாக ஒன்று நடந்தது. முதுகலை, முனைவர் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் பள்ளி ஆசிரியர்களாக இங்கே வந்து சேர்ந்தார்கள். நகரத்தின் மிகத் தகுதியான ஆசிரியர் கூட்டங்களில் ஒன்று அட்டக்ஸில் இருந்தது.

விளையாட்டில் மட்டும் கதவு இறுக்கமாகவே இருந்தது. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1942 வரைக்கும் கறுப்பினப் பள்ளிகளையும் கத்தோலிக்கப் பள்ளிகளையும் உறுப்பினராகவே சேர்க்கவில்லை. சேர்க்காததால் மாநிலப் போட்டியும் கிடையாது. அட்டக்ஸ் பையன்கள் தங்களைப் போலவே வெளியே நிறுத்தப்பட்ட பள்ளிகளைத் தேடித் தூரத்து ஊர்களுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்கள். வழியில் சாப்பிட ஹோட்டல் கிடைக்காது. இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். சொந்தப் பள்ளியின் ஜிம் ரொம்பச் சின்னது. கூட்டம் சேரச் சேர, 'ஹோம் மேட்ச்' என்பதே வேறொருவர் வீட்டில் ஆடுவதாகிவிட்டது. பதினைந்தாயிரம் பேர் உட்காரக்கூடிய பட்லர் ஃபீல்ட்ஹவுஸ், பட்லர் பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்டமான அரங்கம், அட்டக்ஸின் வாடகை வீடானது.

1950-ல் ரே க்ரோ கோச் ஆனார். பள்ளியின் தலைமையாசிரியர் ரஸ்ஸல் லேனுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. பையன்கள் களத்தில் நடந்துகொள்வதை வைத்துத்தான் வெள்ளையர்கள் மொத்தச் சமூகத்தையும் எடை போடுவார்கள். அதனால் மரியாதை முக்கியம், சண்டை கூடாது, நடுவரோடு வாக்குவாதம் கூடாது. அவர் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. க்ரோவும் ஒழுக்கத்தில் கறாரானவர். ஆனால் மரியாதையாகத் தோற்றுவிட்டு வருவதில் அவருக்கு விருப்பமில்லை. நடுவர்களின் விசில் தங்களுக்கு எதிராக ஊதும் என்பது பையன்களுக்குத் தெரியும். அதற்கு அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு எளிமையானது. ஆரம்பத்தில் எடுக்கும் முதல் பத்து பாயின்ட்டை நடுவர்கள் கணக்கில் எழுதிவிடு, அதற்கு மேல் எடுப்பதுதான் உன்னுடையது. புகார் சொல்லிக்கொண்டு நிற்காதே, விசில் எட்டாத தூரத்துக்கு ஓடிவிடு.

1951-ல் அட்டக்ஸ் கடைசி நான்கு டீம்களில் ஒன்றாக வந்தது. வழியில் ஆண்டர்சன் பள்ளியை 81-80 என்று ஜெயித்தபோது கடைசிக் கூடையைப் போட்டவன் பெய்லி ராபர்ட்சன், ஆஸ்கரின் அண்ணன். கறுப்பினக் குடியிருப்புகளில் அந்த வாரங்கள் திருவிழாவாக இருந்தன. வெள்ளையர்களும் டிக்கெட் வாங்கி வந்தார்கள். ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் அட்டக்ஸ் ரசிகர்கள் எழுந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். 'கிரேஸி சாங்' என்று பேர். எதிர் டீமைக் கிண்டலடிக்கிற பாட்டு. வெளியே சத்தம் போட்டுப் பேசினாலே தப்பு என்றிருந்த நகரத்தில், அந்த நகரத்தின் மிகப்பெரிய அரங்கத்தில் உட்கார்ந்து எதிராளியைப் பாட்டில் சீண்டுவது என்றால் என்ன சுகமாக இருந்திருக்கும்! என்னிடம் காலயந்திரத்தைக் கொடுத்தால் ஃபைனலுக்குக்கூடப் போக மாட்டேன். அந்தப் பாட்டு ஆரம்பிக்கும் நிமிடத்துக்குத்தான் போவேன்.

ஆஸ்கரின் குடும்பம் டென்னஸியிலிருந்து பிழைப்புக்காக வந்தது. பந்து வாங்க வழியில்லாத வீடு. டென்னிஸ் பந்தையும், ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றிய கந்தல் துணியையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பீச் பழக் கூடைக்குள் எறிந்து பழகினான். நெய்ஸ்மித்தின் அதே கூடை! பிறகு லாக்ஃபீல்ட் கார்டன்ஸ் குடியிருப்பை ஒட்டி இருந்த 'டஸ்ட் போல்' மைதானம். புழுதி பறந்ததால் வந்த பேர். அங்கே தோற்றவன் வெளியே போய் நிற்க வேண்டும், மறுபடி முறை வர நேரமாகும். அதனால் யாரும் சும்மா தோற்க மாட்டார்கள்.

சரி, 1954-55 சீசனுக்கு வருவோம். அந்த வருடம் முழுக்க அட்டக்ஸ் ஒரே ஒரு மேட்ச்தான் தோற்றது. கானர்ஸ்வில்லில், 58-57. அந்த ஒரு பாயின்ட் இன்னும் என்னை உறுத்துகிறது. மாநிலப் போட்டியில் பழைய ஜாம்பவான் மன்சி சென்ட்ரல் குறுக்கே வந்தது. 71-70 என்று அட்டக்ஸ் முன்னால் இருக்க, கடைசி நொடிகளில் பந்து எதிராளியிடம். ஒரு கூடை விழுந்தால் சீசன் முடிந்தது. அவர்கள் எறிந்த பாஸை ஆஸ்கர் பாய்ந்து பறித்தான். ஆட்டம் முடிந்தது.

1955 மார்ச் 19, பட்லர் ஃபீல்ட்ஹவுஸில் ஃபைனல். எதிரே கேரி நகரத்தின் ரூஸ்வெல்ட் ஹைஸ்கூல். அதுவும் கறுப்பினப் பள்ளி. பதின்மூன்று வருடம் முன்புவரை உள்ளேயே விடப்படாத இரண்டு பள்ளிகள் இப்போது மாநிலக் கோப்பைக்கு ஆடுகின்றன. அட்டக்ஸ் 97, ரூஸ்வெல்ட் 74. ஆஸ்கர் மட்டும் 30 பாயின்ட். எல்லாப் பள்ளிகளும் ஆடும் ஒரு மாநிலப் போட்டியை முழுக்கக் கறுப்பின மாணவர்களைக் கொண்ட பள்ளி ஜெயித்தது அமெரிக்காவிலேயே அதுதான் முதல்முறை. இன்னொரு முதலும் உண்டு. 1911-லிருந்து இண்டியானாபொலிஸ் நகரத்தின் எந்தப் பள்ளியும் இந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. தலைநகரத்தின் அத்தனை வருட ஏக்கத்தைத் தீர்த்தது, அந்த நகரம் ஒதுக்கிவைத்த பள்ளி.

ஜெயித்த டீம் தீயணைப்பு வண்டியில் ஏறி ஊர்வலமாக வரும். நகரத்தின் நடுவே நினைவுத்தூணைச் சுற்றி இருக்கும் வட்டம், மானுமென்ட் சர்க்கிள், கொண்டாடுகிற இடம். அட்டக்ஸ் பையன்களும் ஏறினார்கள். ஆனால் கூட்டம் கலவரம் செய்யுமோ என்று பயந்த அதிகாரிகள் பாதையை முன்பே வகுத்துவிட்டார்கள். வண்டி சர்க்கிளை ஒரு சுற்றுச் சுற்றியது. நிற்கவில்லை. அங்கிருந்து நேராகக் கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதியின் நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்குப் போனது. அங்கே நெருப்பு மூட்டிக் கொண்டாடிக்கொள்ளலாம்.

மைலன் கதையை ஏன் முதலில் சொன்னேன்னா, இதுக்காகத்தான். சரியாக ஒரு வருடம் முன்பு மைலன் பையன்களின் கார்கள் இதே சர்க்கிளுக்கு வந்தன. வழிகாட்டிய போலீஸ்காரர், சந்தோஷத்தில், போக்குவரத்துக்கு எதிர்த்திசையிலேயே அவர்களை ஒரு சுற்று அழைத்துப்போனார். மறுநாள் அந்தச் சிற்றூருக்குள் நாற்பதாயிரம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். வெளியூர்ப் பையன்களுக்காக இந்த நகரம் தன் போக்குவரத்து விதியையே மீறியது. தன் சொந்தப் பையன்களுக்காக அங்கே வண்டியை நிறுத்தக்கூட இல்லை.

பூங்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆடிப் பாடினார்கள். அந்த மகிழ்ச்சி பொய் இல்லை. எங்கே கொண்டாடினால் என்ன, கோப்பை நம்முடையது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் பதினாறு வயது ஆஸ்கர் அங்கே அதிக நேரம் இருக்கவில்லை. கிளம்பி அப்பா வீட்டுக்குப் போனான். நாம் அவர்களுக்கு வேண்டாதவர்கள் என்று அப்பாவிடம் சொன்னதாகப் பின்னாட்களில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். உலகம் கொண்டாடிய ஆட்டக்காரராகி, 1960 ஒலிம்பிக் தங்கம் வாங்கி, 1971-ல் மில்வாக்கி பக்ஸோடு என்பிஏ கோப்பையும் ஜெயித்த பிறகும் அந்த இரவு அவரை விடவில்லை.

அடுத்த வருடம் அட்டக்ஸ் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. 31-0. இண்டியானாவில் தோல்வியே இல்லாமல் கோப்பை வென்ற முதல் டீம். ஃபைனலில் ஆஸ்கர் 39 பாயின்ட். 1959-ல் மூன்றாவது கோப்பை. அட்டக்ஸ் ஜெயிக்க ஜெயிக்க, நகரத்தின் மற்ற பள்ளிகளும் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்க முன்வந்தன. பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டம் 1949-லேயே தடைசெய்திருந்தது. ஆனாலும் காகிதத்தில் இருந்ததை அசைக்கக் கோப்பை ஆசை தேவைப்பட்டது. ரசிகர்கள் மனம் மாறினார்கள் என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். ஜெயிக்க யார் தேவை என்று கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கும் ஒரு கதவைத் திறந்தது என்பதை மறுக்க முடியாது.

விளையாட்டு மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஃபீல்ட்ஹவுஸில் பதினைந்தாயிரம் பேர் ஒன்றாகக் கத்தினார்கள், நிஜம். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் வண்டி திரும்பியதும் நிஜம். ஒருவனுக்காகக் கை தட்டுவதும், அவனை நம் தெருவில் நிற்க விடுவதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதற்கு டிக்கெட் காசு போதும்.

நினைவுக்கும் இதே கதிதான். 'ஹூசியர்ஸ்' படத்தின் ஃபைனல் காட்சியும் பட்லர் அரங்கத்தில்தான் எடுக்கப்பட்டது. அதில் சின்ன ஊரிடம் தோற்கும் டீமின் கோச்சாக நடித்திருப்பவர் யார் தெரியுமா? ரே க்ரோ. இரண்டு மாநிலக் கோப்பைகளை வென்ற அந்த மனிதர், உலகம் பார்த்த படத்தில் தோற்றவர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்தமுறை படம் பார்த்தால் அந்தப் பெஞ்சைக் கொஞ்சம் கவனியுங்கள்.

1986-ல் அட்டக்ஸ் ஹைஸ்கூல் அந்தஸ்தை இழந்து நடுநிலைப் பள்ளியானது. இருபது ஆண்டுகள் கழித்து மறுபடி ஹைஸ்கூல் ஆனது. 2017-ல், தன் பிரிவில், 73-71 என்று மாநிலக் கோப்பையை வென்றது. 58 வருட இடைவெளி. அன்று ஆஸ்கர் ராபர்ட்சன் அரங்கத்தில் இருந்தார். 78 வயது. பையன்களின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டவர் அவர்தான்.