யாரும் படிக்காத ஷா கமிஷன் அறிக்கை

ஆட்சியில் இருப்பவர்கள் தப்பு செய்தால் மக்கள் தேர்தலில் தண்டிப்பார்கள் என்பது பள்ளிப் பாடம். அதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் 1977 தேர்தல். எமர்ஜென்சி கொண்டு வந்த இந்திரா காந்தியை மக்கள் தூக்கி எறிந்தார்கள், சுபம் என்று கதை முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பாடம் பாதிதான் உண்மை என்று தெரியும்.

முதலில் சுருக்கமாக நடந்தது என்ன?

1975 ஜூன் 12 அன்று, ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி விலகு என்று எதிர்க்கட்சிகள் கூட்டம் போட்டன. ஜூன் 25 இரவு எமர்ஜென்சி அறிவிப்பில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலை 6 மணிக்குத்தான் விஷயம் தெரிந்தது. அந்த அறையில் இருந்த ஒரு அமைச்சர் கூட ராஜினாமா செய்யவில்லை. அதற்குள் டெல்லியில் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. தலைவர்கள் கைதாகி விட்டார்கள்.

அடுத்து வந்த 21 மாதங்களில் மிசா சட்டத்திலும் பாதுகாப்பு விதிகளிலும் சிறைக்குப் போனவர்கள் 1,10,000 பேருக்கும் மேல். 1975-லிருந்து 1977 வரை இரண்டு ஆண்டுகளில் நடந்த கருத்தடை ஆபரேஷன்கள் ஒரு கோடிக்கும் மேல். அதனால் இறந்தவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் 1,774 பேர்.

இதையெல்லாம் ஒரே ஒரு அம்மையாரும் அவருடைய மகனும் செய்துவிட முடியுமா? முடியாது. ஆள் பெயர் எழுதாத கைது உத்தரவுகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அதிகாரிகள். ஆள் பிடித்து வராத ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தியதும் அதிகாரிகள்தான். பதவி எதுவும் இல்லாத சஞ்சய் காந்தி சொன்னதைக் கேட்டு முதலமைச்சர்கள் ஓடினார்கள். 'ரயில் எல்லாம் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள்' என்று பாராட்டியவர்கள் சாதாரண ஜனங்கள்.

இனி தேர்தலுக்கு வருவோம். 1977 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்று கூடக் கிடைக்கவில்லை. பீகாரின் 54 தொகுதிகளிலும் பூஜ்யம். ஆனால் தெற்கே? ஆந்திராவில் 42-க்கு 41 காங்கிரசுக்கு. தமிழ்நாட்டில் அதிமுக, காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் கூட்டணிக்கு 39-இல் 34! ஒரே நாடு, ஒரே எமர்ஜென்சி, இரண்டு தீர்ப்புகள். காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. கருத்தடைக் கொடுமையும் வீடு இடிப்பும் எங்கே வீட்டு வாசல் வரை வந்ததோ, அங்கே கோபம் வந்தது. வராத இடத்தில் வரவில்லை.

தமிழ்நாட்டில் எதுவுமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தே போனார். பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் இந்தச் சிறைக் கொடுமைகளை விசாரித்தது. இவ்வளவும் நடந்த ஊரில்தான் 39-இல் 34.

1977 மே மாதம் ஜனதா அரசு, முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஒரு விசாரணை கமிஷனை அமைத்தது. சுமார் 48,000 புகார்கள் வந்து குவிந்தன. 1978 ஆகஸ்டுக்குள் மூன்று பகுதிகளாக 500 பக்கங்களுக்கும் மேல் அறிக்கை வந்தது. எமர்ஜென்சி தேவைப்படும் அளவுக்கு நாட்டில் எந்த ஆபத்தும் இருக்கவில்லை என்று அது சொன்னது. எந்த அதிகாரி எந்த உத்தரவை யார் சொல்லிப் போட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. இந்திரா காந்தியோ கமிஷன் முன் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்லவே மறுத்துவிட்டார்.

அறிக்கை கையில் இருந்தும் ஜனதா தலைவர்கள் என்ன செய்தார்கள்? நாற்காலிச் சண்டை போட்டார்கள். உள்துறை அமைச்சராக இருந்து இந்திரா காந்தியைக் கைது செய்ய வைத்த சரண் சிங், 1979 ஜூலையில் அதே இந்திரா காந்தியின் ஆதரவோடு பிரதமர் ஆனார்! 1975-இல் மக்களவையில் எமர்ஜென்சிக்கு ஒப்புதல் கேட்டுத் தீர்மானம் கொண்டு வந்த ஜெகஜீவன் ராம், 1980-இல் ஜனதாவின் பிரதமர் வேட்பாளர்! உருப்படியாக நடந்த ஒன்று 44-வது சட்டத் திருத்தம். அதன்படி 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி எமர்ஜென்சி கொண்டு வர முடியாது, அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவும் வேண்டும்.

1980 ஜனவரி தேர்தலில் மக்கள் பேசியது வெங்காய விலையைப் பற்றி. ஷா கமிஷனைப் பற்றி அல்ல. இந்திரா காங்கிரசுக்கு 353 இடங்கள். தமிழ்நாட்டில் 'நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக' என்று வரவேற்றது, சிறையில் அடிபட்ட அதே திமுக. அந்தக் கூட்டணிக்கு 39-இல் 37. வழக்குகள் ஒவ்வொன்றாகக் காற்றில் கரைந்தன. அறிக்கையின் பிரதிகளும் மெல்ல மெல்லக் கண்ணில் படாமல் போயின. அவை திரும்பப் பெற்று அழிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டும் உண்டு.

மக்கள் இந்திரா காந்தியை மன்னித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். மன்னிப்பது என்றால், என்ன தப்பு நடந்தது என்று முழுதாகத் தெரிந்துகொண்டு பிறகு விடுவது. இங்கே அது நடக்கவில்லை. தெரிந்துகொள்ளவே யாரும் மெனக்கெடவில்லை. அரசியல்வாதிகள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ரொம்ப எளிது: கோபம் அடங்கும் வரை ஒரு மூன்று வருடம் பொறுத்தால் போதும். கமிஷன் அமைப்பதும், அறிக்கை வருவதும், அது அலமாரிக்குள் போவதும் அதற்குப் பிறகு வழக்கமாகி விட்டது. தலைவர்களைத் திட்டுவது சுலபம். 'கமிஷன் வைத்தார்களே, என்ன ஆச்சு?' என்று கேட்பவர்கள்தான் குறைவு.

அப்படிக் கேட்ட ஒருவர் இரா. செழியன். திமுகவில் வளர்ந்து நாடாளுமன்றத்தில் பல வருடம் இருந்தவர். தன்னிடம் இருந்த ஷா கமிஷன் அறிக்கையை 2010-இல், தனது 87-வது வயதில், புத்தகமாகத் திரும்ப அச்சிட்டார். ஒரு அரசாங்கமே செலவு செய்து எழுதிய அறிக்கையை மக்களிடம் கொண்டு வர 32 வருடம் கழித்து ஒரு தனிமனிதர் தேவைப்பட்டார். இன்று அது இணையத்திலும் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் வேண்டும்.