பயறும் பயரும்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

1. திருவனந்தபுரத்து வீட்டுப் புரையிடங்களில் வாழை, மரச்சீனி, சேம்பு ஆகியவற்றுக்கிடையே பந்தலிட்டு வளர்க்கப்பெறும் கொடி ‘பயர்’ என வழங்குகிறது. கொடியாகப் படர்வது வள்ளிப்பயர். செடியாக நிற்பது குற்றிப்பயர். வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் பெயரால் அமைந்த ‘வெள்ளாயணி ஜோதிகா’ முதல் வகையினது. ‘பாக்யலட்சுமி’ இரண்டாம் வகையினது. இத்தொடர்களைத் தமிழில் பெயர்ப்போர் ‘பயறு’ என்றே எழுதிச் செல்வதுண்டு. எழுத்தளவில் அது பொருந்துவதாயினும் பொருளளவில் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

2. பயறு என்பது பழந்திராவிடச் சொல். குறுந்தொகையின் 10ஆம் பாடலில் பூங்கொத்துக்கு உவமையாக இது வருகிறது. தமிழில் உயிரிடை யகரம் நிற்குமிடத்துக் கன்னடத்தில் சகரம் நிற்றல் பெயர்–பெசர், உயிர்–உசிர் முதலிய சொற்களால் அறியப்படும். அம்முறையே பழங்கன்னடப் பெசர், இன்றைய ஹெசரு, தெலுங்குப் பெசலு ஆகியன பயறு என்பதன் இனச்சொற்களாம். கன்னடமும் தெலுங்கும் இச்சொல்லால் குறிப்பது பச்சைப்பயற்றையே.

3. பச்சைப்பயறு இந்தியாவிலேயே பயிராக்கப்பட்டது. தட்டைப்பயறு எனவும் காராமணி எனவும் தமிழகத்தில் வழங்குவதோ ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டுக் கடல்கடந்து வந்தது. எனவே, பழையதன் பெயர் புதியதற்கும் நீண்டது எனக் கொள்வதே பொருத்தம். தமிழில் புதுவரவு ‘தட்டை’ என்னும் அடைபெற்றது. மலையாளத்திலோ தோட்டவழக்கில் அடையின்றி நிற்கும் பயர் புதுவரவையே குறிக்க, பழையது ‘செறுபயர்’ என அடைபெற்றது. முதிர்ந்து உலர்ந்த தட்டைப்பயற்று மணி ‘வன்பயர்’ ஆயிற்று. பூசணிக்காயோடும் தேங்காய்ப்பாலோடும் ஓலனிற் சேர்வது இதுவே. இளங்காய்க்கு ‘அச்சிங்ங’ என்னும் பெயரும் உண்டு. மாங்காய் ‘மாங்ங’ எனவும் தேங்காய் ‘தேங்ங’ எனவும் ஆனவாறே இதன் ஈறும் ‘காய்’ என்பதன் திரிபாகலாம்.

4. யாழ்ப்பாண வழக்கு இவ்வரலாற்றுக்கு நல்லதொரு சான்று. அங்குப் பயறு என்றால் பச்சைப்பயறு. பயற்றங்காய் என்றால் பந்தலில் தொங்கும் நீள்காய். ஒரே அடிச்சொல் மணியைக் குறிக்கையில் பழைய பயிரையும், காயைக் குறிக்கையில் வந்த பயிரையும் சுட்டுகிறது. உலர்ந்த தட்டைப்பயற்று மணிக்கோ ஆங்கிலத்தினின்று வந்த ‘கௌபி’ வழங்குகிறது. தமிழகத்திலும் சில குடும்பங்களில் ‘பயத்தங்காய்’ வழங்க, ‘பயத்தம்பருப்பு’ பச்சைப்பயற்றின் பருப்பாகவே நிற்கிறது.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் பெறப்படுவது யாது? பந்தலில் ஏறிய பயரைப் ‘பச்சைப்பயறு’ என்றால், பந்தல் வேண்டாத குறுஞ்செடிக்குப் பந்தலிட்டதாகும். வேளாண் குறிப்பேட்டில் இப்பிழை நேரின் படிப்பவர் வேறு விதையை வாங்கி விதைப்பர். கஞ்சியோடு உண்ட செறுபயரைத் ‘தட்டைப்பயறு’ என்றாலும் அத்தகைய பிழையே. செறுபயருக்கு நாஞ்சில் நாட்டுச் ‘சிறுபயறு’ சொல்லுக்குச் சொல் பொருந்தும். வள்ளிப்பயரின் காய்க்குப் பயற்றங்காய், வன்பயருக்குத் தட்டைப்பயறு அல்லது காராமணி என இடமறிந்து கொள்ளலாம். இனமொழிகளுக்கிடையே ஒலியொப்புமை மிகுந்த சொல்லே மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றுகிறது. அயற்சொல்லைக் கண்டால் அகராதியைத் திறப்பவர், தம் சொல்லையே கண்டதாக எண்ணும்போது திறப்பதில்லை.