அருப்புக்கோட்டை–திருச்சுழி வறண்ட நிலப்பகுதி

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே, கரிசலும் செம்மண்ணும் கலந்து கிடக்கும் சமவெளி. மேற்கே வருசநாட்டு மலைப் பக்கமிருந்து இறங்கும் குண்டாறு, திருச்சுழியையும் கமுதியையும் தொட்டுக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஆண்டில் பெரும்பகுதி அதில் மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் தேக்கினால் நெல் உண்டு. மற்றதெல்லாம் மானாவாரி: பருத்தி, கம்பு, சோளம், மல்லி. தரிசாகிப்போன நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டி, கரிமூட்டம் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அருப்புக்கோட்டைக்குத் தறி இருந்தது.

திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. ரமண மகரிஷி இவ்வூரில்தான் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். ஊர்ப்புறங்களில் ஆட்சி அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும். பள்ளிவாசல்களும் மாதா கோயில்களும் நெடுங்காலமாக உண்டு. ஆனால் இப்பகுதியின் பெரிய சண்டை மதங்களுக்கு இடையில் மூண்டதல்ல. ஒரே சாமியைக் கும்பிட்டவர்களுக்குள், கோயில் வாசலில் மூண்டது.

அதன் வேர் வண்டிப்பாதையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி வந்த நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சி, வண்டியும் மாடும் இரவு தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். பேட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சரக்குக்கு இவ்வளவு என்று பிரித்த மகமைப் பணம், உறவின்முறை எனப்பட்ட அவர்களின் சாதி அமைப்பின் பொதுநிதியானது. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களும் இப்படி எழுந்தவை. கையில் காசு சேர்ந்தது. சாதிக் கட்டுப்பாட்டால் கோயிலுக்குள் நுழைய மட்டும் வழியில்லை.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தரை அதே ஆண்டு சனவரியில் பாம்பனில் வரவேற்றவரும் இவரே! கீழ்நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் என மூன்று இடத்திலும் நாடார்கள் தோற்றனர். வழக்கு நடக்கும்போதே, 1899 சூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டு 800க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மறவர்களும் பிற சாதியினரும் திரண்டு வந்த தாக்குதல் அது.

வாசல் திறக்காதபோது மகமைப் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. பக்கத்து விருதுநகரில், காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்ந்தது. தீர்ப்பைவிட அதுவே இப்பகுதியைக் கூடுதலாக மாற்றியது எனலாம். 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்தால் பழைய தீர்ப்பு செல்லாக்காசானது.

மறவர்களின் குறை வேறு. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் அவர்களில் பலர் காவல்நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து எழுந்த முத்துராமலிங்கத் தேவர் 1952, 1962 தேர்தல்களில் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்றார். இடையே 1957இல் கிழக்கே முதுகுளத்தூர் வட்டாரம் சாதி மோதலில் எரிந்தது. செப்டம்பர் 11 அன்று தேவேந்திரகுலத் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார்; மூன்று நாள் கழித்துக் கீழத்தூவலில் மறவர் ஐவரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். சேகரன் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவர் 1959இல் விடுதலையானார்.

1977இல் அருப்புக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதியில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதன்முறை முதல்வரானார். 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர்ப் பக்கம் வந்தன. கமுதி இராமநாதபுரத்திலேயே நின்றது.